தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு



பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை நெருங்கும்போது, சபையாகச் சேர்ந்து எங்கே போகலாம் என்ற பேச்சு ஆண்டுதோறும் எழும்பும். இவ்வாண்டு நம் இளைஞர் ஐக்கியத்தார் ஒரு பயணத் திட்டத்தை எழுதி என் கையில் தந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பேருந்து புறப்படும். சனிக்கிழமை காலையில் பிச்சாவரம், பின்பு பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, மாலையில் தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஆலயம். ஞாயிறு ஆராதனைக்கு மணி அடிக்குமுன் ஊர் வந்து சேர வேண்டும். இதில் தரங்கம்பாடிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் நாற்பத்தைந்து நிமிடங்கள்.

பிள்ளைகள் அக்கறையோடு தயாரித்த திட்டம் இது. ஆயினும் இதைக் குறித்து என் மனதில் உள்ளதை இவ்வாரத் தியானத்தில் உங்கள் எல்லாருக்கும் எழுத விரும்புகிறேன். மற்ற நான்கு ஊர்களையும் இவ்வாண்டு விட்டுவிடுங்கள். தரங்கம்பாடிக்கு மாத்திரம் போங்கள். சனிக்கிழமை முழுவதும் அங்கே இருங்கள். இராத்தங்கி, ஞாயிறு காலையில் அவ்வூர்ச் சபையாரோடு ஆராதித்துவிட்டுத் திரும்புங்கள். அன்று நம் ஆலயத்தில் சில இருக்கைகள் காலியாய் இருந்தால் இருக்கட்டும். இப்படி நான் சொல்வதற்குக் காரணம் உண்டு.

யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கரையிலே நாட்டினார்கள். பின்வரும் நாட்களில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து, இவை என்ன என்று தகப்பன்மாரிடம் கேட்பார்கள். அப்போது தகப்பன்மார் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கற்கள் அங்கே நிற்பது இந்தக் கேள்விக்காகவே. தரங்கம்பாடியின் கற்களும் அப்படிப்பட்டவையே. நாற்பத்தைந்து நிமிடத்தில் அவற்றின் முன் நின்று படம் எடுக்கலாம். பிள்ளை கேள்வி கேட்பதற்கும் பெரியவர் யோசித்துப் பதில் சொல்வதற்கும் அந்த நேரம் போதாது.

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள சிறிய கடற்கரை ஊர். வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால், அருகிலே திருக்கடையூர். ஊருக்குள் நுழையும்போது 1792-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வெள்ளை நிறக் கோட்டை வாயில் உங்களை வரவேற்கும். அதைக் கடந்தால் ராஜ வீதி நேரே கடலை நோக்கிச் செல்கிறது. அந்த ஒரே வீதியில், சில நிமிட நடையில், 1701-இல் தோன்றிய சீயோன் ஆலயத்தையும் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தையும் காண்பீர்கள். வீதியின் முடிவில் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. அதற்கு அப்பால் வங்கக் கடல். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் அழைக்கிறது. ஆகவே, இவ்வூரின் வரலாறு நம் மிஷனெரிமார் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வந்தபோதே இவ்வூருக்கு நானூறு ஆண்டுப் பழமை இருந்தது.

இனி அந்தக் கோட்டைக்குள் வாருங்கள். 1620-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஓவே ஜெட்டே என்னும் டேனியத் தளபதியின் காலத்தில் இதைக் கட்டத் தொடங்கினார்கள். மிளகும் துணியும் வாங்கி விற்பதே அவர்கள் வந்த நோக்கம். மன்னர் பொன்னேட்டில் எழுதித் தந்த மடல் இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மேல்தளத்தில் ஆளுநரின் இருப்பிடம். கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் சிறையும். இன்று அது அருங்காட்சியகம். கடலைப் பார்த்த அதன் முகப்பு கண்ணுக்கு இனியது. எல்லாரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள்.

அங்கே நிற்கும்போது பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணையால் அனுப்பப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இந்தக் கரையை அடைந்தார்கள். மறுநாள் சீகன்பால்குக்கு இருபத்து நான்கு வயது நிறைந்தது. இரண்டு ஆண்டுகள் சென்றபின், ஓர் ஏழைக் கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவளுக்காக அவர் வாய் திறந்தார். கோட்டையின் தளபதி ஹாசியஸ் அதைத் தம் அதிகாரத்துக்கு விரோதமாக எண்ணி அவரைச் சிறைப்பிடித்தார். 1708-இன் இறுதியில் தொடங்கி நான்கு மாதங்கள், அரசரின் ஆணையோடு வந்த அந்த ஊழியர், அதே அரசரின் கொடி பறந்த கோட்டையில் கைதியாக அடைக்கப்பட்டிருந்தார்.

மிஷனெரிமார் வணிகரோடும் ஆட்சியாளரோடும் கைகோத்து வந்தார்கள் என்ற குற்றச்சாட்டை நம் பிள்ளைகள் கல்லூரிகளில் கேட்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வந்தது வணிகக் கப்பலில். குடியிருந்தது வணிகரின் ஊரில். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அரசரின் மகுடமும் பெயர்ச் சின்னமும் இன்றும் இருக்கின்றன. ஆனாலும், கைம்பெண்ணின் வழக்கு வந்த நாளில் கோட்டையின் பக்கமா அவளுடைய பக்கமா என்ற கேள்வி அவருக்கு முன் நின்றது. அவர் அவள் பக்கம் நின்றார். அதற்குரிய விலையையும் செலுத்தினார். உங்கள் பிள்ளை அந்தக் கீழ்த்தள அறைகளில் ஒன்றில் ஐந்து நிமிடம் அமைதியாக நிற்கட்டும். பல ஞாயிறு பாடசாலை வகுப்புகள் கற்பிக்காததை அந்த ஐந்து நிமிடம் கற்பிக்கும்.

கோட்டையிலிருந்து வெளியே வந்து கடற்கரை மணலுக்குச் செல்லுங்கள். சீகன்பால்கு தமிழை எவ்வாறு கற்றார் என்பதை அங்கே உட்கார்ந்து சொல்லுங்கள். அவரிடம் அகராதி இல்லை. அவருக்கென்று எழுதப்பட்ட இலக்கண நூலும் அப்போது இல்லை. எழுபது வயது முதிர்ந்த ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்து, அவருடைய பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்தார். சிறு பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகியபோது, ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற அந்த இளைஞரும் அவர்கள் நடுவே உட்கார்ந்து அவ்விதமே எழுதினார். பின்பு அழகப்பன் என்னும் பன்மொழி அறிஞர் அவருக்கு உதவியாக வந்தார். தமிழ்ச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடி நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்து, அவற்றுக்கு 1708-இலேயே ஒரு பட்டியல் எழுதினார். இவ்வூர் மக்களிடம் அவர்களுடைய வாழ்க்கையையும் வழிபாட்டையும் குறித்துக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தம் நாட்டாருக்கு அறிவித்தார்.

இவற்றின் கனியாக 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இந்த இடத்தில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். தமிழ் முதன்முதலில் அச்சேறியது தரங்கம்பாடியிலே என்று நம்மவர் மேடைகளில் சொல்வதுண்டு. அது சரியன்று. அதற்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1578-இல், இயேசு சபைக் குருவாகிய என்றிக்கே என்றிக்கஸ் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். கத்தோலிக்கச் சகோதரர் செய்ததை அவர்கள் கணக்கில் வைப்பதால் தரங்கம்பாடியின் மகிமை குறையாது. உண்மையைக் கொண்டு கட்டப்படாத பெருமையை ஆண்டவரும் விரும்பமாட்டார்.

சீகன்பால்கின் இந்தப் பழக்கத்தை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் நம் பயண முறைதான். ஓர் ஊருக்குள் நுழைந்தவர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை அவர் நமக்குக் காட்டியிருக்கிறார். அவர் பேசத்தான் வந்தார். ஆனாலும் முதலில் உட்கார்ந்து கேட்டார். நாமோ கைப்பிரதிகளைக் கட்டாகக் கொண்டுபோய் வீதியில் எதிர்ப்படுகிறவர் கையிலெல்லாம் திணித்துவிட்டு, அவர் பெயர் என்ன, அவர் தொழில் என்ன என்றுகூடக் கேட்காமல் பேருந்தில் ஏறிவிடுகிறோம். சுவிசேஷத்தை அறிவிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவரும் எண்ண வேண்டாம். யாருக்கு அறிவிக்கிறோமோ அவருடைய முகத்தை முதலில் பாருங்கள் என்கிறேன்.

இப்போது புதிய எருசலேம் ஆலயத்துக்குள் வாருங்கள். சிலுவை வடிவில் கட்டப்பட்ட அந்த ஆலயத்திலே, பலிபீடத்தின் அருகில், சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. இன்று அது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு உரியது. அத்திருச்சபையின் பேராயர் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தாலும் தரங்கம்பாடிப் பேராயர் என்ற பட்டப்பெயரையே தாங்குகிறார். கல்லறையின் முன் ஸ்தோத்திரம் செலுத்துங்கள். செலுத்தியபின் உடனே வெளியேறிவிடாமல் சற்று நேரம் உட்காருங்கள். இங்கேயும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. இது சொல்வதற்குக் கடினமானது.

1707-இல் தரங்கம்பாடியில் முதலாவது ஞானஸ்நானம் பெற்ற ஐவர் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையின் முதற்பேறானவர்கள் அவர்களே. அடிமைகளிலிருந்து தொடங்கிய சபையில், சில ஆண்டுகளுக்குள்ளாகவே சாதி புகுந்து தனக்கு ஓர் இருக்கையைப் போட்டுக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் மேற்சாதியார் ஒருபுறமும் ஒடுக்கப்பட்டோர் மறுபுறமும் பிரிந்து உட்கார்ந்தார்கள். மிஷனெரிமார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், கடலூர் வணிகக் குடும்பத்தில் பிறந்த வேளாளரான ஆரோன், முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அது நன்றியோடு நினைக்கத்தக்க நாள். அவர் உண்மையுள்ள போதகர். ஆனால் அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் மிகுந்த பாடுகளுக்கு நடுவே உழைத்த இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரும் இருந்தார். அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து திருவிருந்து பெற மேற்சாதி விசுவாசிகள் இணங்கமாட்டார்கள் என்ற அச்சத்தால் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. கடைசிவரை உபதேசியாராகவே வாழ்ந்து முடித்தார்.

ஆரோனின் பெயர் நம் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளில் சிலருக்காவது தெரியும். இராஜநாயக்கனின் பெயரைச் சொன்னால் சபையில் எத்தனை பேர் அறிவீர்கள்?

மத்தேயு இருபத்து மூன்றாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், தீர்க்கதரிசிகளுக்கு நினைவிடங்களை எழுப்பிய ஒரு தலைமுறையைக் கடிந்துகொண்டார். நினைவிடம் எழுப்பியதே குற்றம் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் அக்காலத்தில் இருந்திருந்தால் முன்னோர் செய்ததைச் செய்திருக்கமாட்டோம் என்று அவர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டதை அவர் கண்டித்தார். தரங்கம்பாடியில் நமக்கு வரக்கூடிய சோதனையும் அதுவே. கல்லறைக்கு மாலை சூட்டிவிட்டு, அக்காலத்துச் சபையார் அப்படி இருந்தார்கள் என்று தலையசைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால், நம் சபையில் மணவாளனுக்கும் மணவாட்டிக்கும் பொருத்தம் பார்க்கும்போது முதலில் விசாரிக்கப்படுவது எது? சபைத் தேர்தல் நாளில் வாக்குகள் எதைப் பார்த்து எண்ணப்படுகின்றன? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலையில் இடம் என்பதைத் தமிழ்நாட்டின் பல சபைகளில் இன்றும் எது முடிவு செய்கிறது? அந்த ஆலயத்தின் இருக்கையில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்பதே உண்மையான அஞ்சலி. இதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் இது நடவாது.

மூன்றாவதாக, கரையில் வாழும் மக்களைக் குறித்து எழுதுகிறேன். என் மனதில் இதுவே முதன்மையானது.

டேனியர் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வங்காளத்துச் சீராம்பூரும் சேர்த்து விலை பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். வணிகர் போனபின் துறைமுகம் ஓய்ந்தது. கோட்டை பாழடைந்து, பின்பு தொல்லியல் துறையாரின் கையில் பழுதுபார்க்கப்பட்டது. பாண்டியர் போனார்கள், நாயக்கர் போனார்கள், டேனியர் போனார்கள், ஆங்கிலேயரும் போனார்கள். இத்தனை மாறுதல்களுக்கு நடுவிலும் விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பும் மீனவர் இந்தக் கரையை விட்டுப் போகவில்லை. பழைமையைத் தேடி அவ்வூருக்குப் போகிற நாம், அங்கே எல்லாவற்றிலும் பழைமையான தொழிலைச் செய்கிறவர்களைப் பாராமல் வருவது எவ்வளவு விந்தை!

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஐ நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது கிறிஸ்து பிறப்புக்கு அடுத்த நாள்; ஞாயிற்றுக்கிழமை; நாம் ஆலயங்களில் கூடியிருந்த வேளை. அந்தக் காலையில் ஆழிப்பேரலை அந்தக் கரையையும் தாக்கியது. அப்போது தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோட்டையும் ஆலயங்களும் நின்றன. கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், அன்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இன்றும் அவ்வூரில் இருக்கிறார்கள். அன்னக்கூடையில் மீனை வைத்து விற்கும் ஒரு பெண்ணைக் கடந்து நீங்கள் கோட்டையை நோக்கி விரையும்போது, அவர்களில் ஒருவரைக் கடந்துபோகிறீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகும் பருவம் என்பதால், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அறுபத்தொரு நாட்கள். நமக்கு விடுமுறையும் உல்லாசமுமான அந்தக் கோடைக்காலம், படகில் கூலிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு வருமானம் சுருங்கிய காலம். கரையில் இழுத்து நிறுத்தப்பட்ட படகுகளின்மேல் ஏறிப் படம் எடுக்கும் நம் வாலிபர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அந்தப் படகு ஒருவருடைய வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது. ஏறுமுன் அருகில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். "ஐயா, உட்காரலாமா?" என்று கேட்ட ஒரு வார்த்தையிலிருந்து ஒரு மணி நேர உரையாடல் பிறக்கும்.

அவர்களில் பெரும்பாலோர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதனால் என்ன? அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தை வாசியுங்கள். கப்பற்சேதத்தில் தப்பி மெலித்தா தீவில் கரையேறிய பவுலையும் மற்றவர்களையும் அத்தீவின் மக்கள் அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். மழையும் குளிருமாய் இருந்தபடியால் அவர்களுக்காக நெருப்பு மூட்டினார்கள். அவர்கள் கிறிஸ்துவை அறியாதவர்கள். பவுல் அவர்களுடைய உபசாரத்தைப் பெற்றுக்கொண்டார். சும்மா உட்கார்ந்திராமல் தாமும் விறகுகளைப் பொறுக்கி நெருப்பில் போட்டார். அத்தீவின் தலைவனுடைய தகப்பனுக்காக அவர் ஜெபித்தது அதற்குப் பிறகுதான். முதலில் விருந்தாளியாக இருந்தார். விருந்தாளியாக இருக்கையில் வேலையிலும் பங்கெடுத்தார். கடற்கரை ஊருக்குப் போகிற சபைக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் அறியேன்.

இத்திட்டத்துக்கு வரக்கூடிய ஆட்சேபங்களையும் நான் அறிவேன். "ஐயா, நாங்கள் ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள். பிள்ளைகளோடு நாலு இடம் பார்த்துச் சந்தோஷமாய் இருக்கவே போகிறோம், அதிலும் பாடமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. களைப்பாறுதல் ஆண்டவர் தந்த ஈவு. சீஷர்களைத் தனியிடத்துக்கு வந்து இளைப்பாறும்படி அவரே அழைத்தார். ஆனால் ஒரே நாளில் ஐந்து ஊர்களை ஓடிப் பார்ப்பது இளைப்பாறுதலா? இரண்டு இரவுகள் பேருந்தில் உறக்கமின்றிக் கழித்து, ஞாயிறு ஆராதனையில் கண் சொருகி உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் ஊரில் தங்கி, மாலையில் கடற்காற்று வாங்கி, அலையோசை கேட்டு உறங்கி எழுவதே உடலுக்கும் ஆத்துமாவுக்கும் நலமானது.

"இராத்தங்கினால் செலவு கூடுமே" என்பது அடுத்தது. மெய்தான். ஆனால் பேருந்து ஓடும் தூரம் குறையும். அதில் மிஞ்சும் பணம் தங்குமிடத்துக்கு உதவும். அதற்கும் மேற்படும் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்காகச் சபைக் கமிட்டியில் நானே பேசுவேன். பணமில்லாததால் ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது. முதிர்ந்தவர்களுக்கும் இது ஏற்றது. ராஜ வீதி நீளமானதன்று, பார்க்க வேண்டியவை எல்லாம் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

"மற்ற இடங்களை எப்போது பார்ப்பது?" என்று வாலிபர்கள் கேட்கலாம். அடுத்த ஆண்டு தஞ்சாவூருக்குப் போங்கள். அங்கேயும் ஒரு நாள் முழுவதும் இருங்கள்.

ஆகவே, புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறேன். ஞாயிறு ஆராதனையில் நாங்கள் வந்து கலந்துகொள்ளலாமா என்று அவ்வூர்ச் சபையின் போதகருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்போம். அங்கே நமக்கு மேடை கேட்க வேண்டாம். நம் பாடகர் குழு சிறப்புப் பாடல் பாட வேண்டும் என்று விண்ணப்பிக்கவும் வேண்டாம். பின்வரிசையில் உட்கார்ந்து அவர்களோடு பாடுவோம். உணவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல், அவ்வூர்ப் பெண்கள் சமைத்துத் தருவார்களா என்று விசாரித்து, கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கி உண்போம். குப்பையைக் கரையில் விட்டுவராமல் நம்மோடு எடுத்துவருவோம். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்னும் பள்ளிவாசலின் முன்னும் செல்லும்போது குரலைத் தாழ்த்தி, அடுத்த வீட்டாருக்குக் காட்டும் மரியாதையைக் காட்டுவோம். ஒவ்வொரு குடும்பமும் அவ்வூரில் ஒருவரோடாவது உட்கார்ந்து பேசி, அவர் பெயரைக் கேட்டறிந்து, அவருடைய குடும்பத்துக்காக வீட்டு ஜெபத்தில் தொடர்ந்து ஜெபிக்கட்டும். அடுத்த வாரத்தில் யாராவது உங்களிடம், தரங்கம்பாடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், கோட்டை, கல்லறை என்று சொல்வதோடு ஒரு மனிதருடைய பெயரையும் உங்களால் சொல்லக்கூடுமானால், இந்தப் பயணம் வீண்போகவில்லை என்று நான் மகிழ்வேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீஷர்களுக்குத் தோன்றியபோது, இரவெல்லாம் வெறுங்கையாய்ப் பாடுபட்டுத் திரும்பியவர்களுக்காகக் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்னரே பேதுருவிடம் அந்தப் பெரிய கேள்வியைக் கேட்டார். கடற்கரையில் உழைக்கிறவருடைய பசியும் களைப்பும் அவருக்குத் தெரியும். அவருடைய சபையாகிய நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஜெபம் செய்வோம். எங்கள் பரம பிதாவே, எங்களுக்கு முன் இந்த மண்ணில் உழைத்து நித்திரையடைந்த உம்முடைய ஊழியருக்காக உம்மைத் துதிக்கிறோம். பெயர் அறியப்பட்டவர்களுக்காகவும், எங்கள் முன்னோரின் பாவத்தால் பெயர் மறைக்கப்பட்டவர்களுக்காகவும் நன்றி செலுத்துகிறோம். எங்கள் நடுவில் இன்னும் இருக்கும் பிரிவினைகளை எங்களுக்கு வெளிப்படுத்தும். கடலை நம்பி வாழும் குடும்பங்களைக் காத்தருளும். ஆழிப்பேரலையில் தம்மவரை இழந்தவர்களைத் தேற்றும். பயணம் போகிற எங்கள் பிள்ளைகளுக்குப் பார்க்கும் கண்ணையும் கேட்கும் செவியையும் தந்து, சுகமாய்க் கொண்டுபோய்ச் சுகமாய்த் திரும்பக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் இளைஞர் ஐக்கியத்தாரும் பயணம் வர விரும்புகிற குடும்பத்தாரும் ஆலய வளாகத்தில் சற்று நேரம் தங்கியிருங்கள். புதிய திட்டத்தைச் சேர்ந்து எழுதுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வந்து சொல்லுங்கள், கேட்க ஆவலாயிருக்கிறேன்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்கியிருப்பதாக.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்